ஏழைக் குழந்தைகள் சோதனைப் பிராணிகளா?

1996-ம் வருஷம் நைஜீரியாவில் மூளைக் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அச்சமயம் பைசர் என்னும் அமெரிக்கக் கம்பெனி, கானோ நகரில் சுமார் 200 குழந்தைகளைக் கொண்டு தன் புது மருந்தைச் சோதித்தது. பாதிப் பேருக்குப் புது மருந்து. மீதிப் பேருக்கு வழக்கமான மருந்து. 11 குழந்தைகள் இறந்தன. சோதனையென்பதே தங்களுக்குத் தெரியாதென்று பெற்றோர்கள் வழக்காடினார்கள். வாய்மொழியாகச் சம்மதம் பெற்றோம் என்றது கம்பெனி. ஆனால் 2009-ல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 7½ கோடி டாலருக்குக் கானோ சர்க்காருடன் ராஜி செய்துகொண்டது.

"சோதனையின்றி மருந்து ஏது?" என்று சில மேதாவிகள் கேட்கக்கூடும். சோதனையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகளுமல்ல. அதே ஆஸ்பத்திரியில் வேறொரு வைத்தியக் குழு இலவசமாய் வைத்தியம் செய்துகொண்டிருந்ததே! சாகக் கிடக்கும் பிள்ளையை ஏந்தி நின்ற தாயிடம், "இது சோதனை, இஷ்டமில்லையேல் அங்கே போகலாம்" என்று அவளுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டாமா? விஷயத்தை மறைத்துப் பெறும் சம்மதம் சம்மதமாகுமா?

இதன் பலனைப் பாருங்கள்! 2003-ல் போலியோ சொட்டு மருந்தையே கானோ மாகாணம் நிறுத்தி வைத்தது. மருந்தைப்பற்றிய பொய் வதந்தியை ஜனங்கள் நம்பியதற்குப் பழைய சூடும் ஒரு காரணம். நோய் பல தேசங்களுக்குப் பரவிற்று. ஆகவே விஞ்ஞானத்தைக் கெடுத்தது மூடநம்பிக்கை மாத்திரமல்ல. விஞ்ஞானத்தின் பேரால் நடந்த அலட்சியமுந்தான்.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-ல், தம்மிடம் ஆராய்ச்சிக்கு வருவோர்க்கு மரியாதை, நேர்மை, நியாயம், பரிவு என்று தாங்களே விதி வகுத்தார்கள். அதுவே மானமுள்ள வழி. மறுக்க உரிமையில்லாதவன் தரும் சம்மதம் அடிமையின் தலையாட்டலேயன்றி வேறென்ன?