அரிய நோய் என்கிறார்கள்; செலவு அரிதல்ல

மலேசியாவில் 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோயை 'அரிய நோய்' என்கிறார்கள். ஐபிஎஃப் என மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் நுரையீரல் தழும்பு நோயும் பொதுவாக அப்படித்தான் பேசப்படுகிறது. காரணம் தெரியாமலேயே நுரையீரல் தழும்பேறி, இறுகி, மூச்சு சுருங்கிக்கொண்டே போகும் நோய் இது. அது உண்மையில் அவ்வளவு அரிதா?

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஆசிய பசிபிக் வட்டார நாடுகளில் 10,000 பேருக்கு 0.57 முதல் 4.51 பேர் வரை இந்நோயுடன் வாழ்கிறார்கள். உச்ச எண் தென் கொரியாவுடையது. சுமார் 3 கோடியே 40 லட்சம் பேர் வாழும் மலேசியாவுக்கு இதே கணக்கைப் போட்டால் 1,900 பேரிலிருந்து 15,000 பேர் வரை வருகிறது. அரிய நோய்க்கான எல்லையோ 8,500 பேர்தான். தென் கொரியா முதியோர் மிகுந்த நாடு. அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் மலேசியாவுக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

எண்ணிக்கை இப்படி ஊசலாட இன்னொரு காரணம், நோய் கண்ணில் படாமல் போவது. 60 வயதைத் தாண்டிய ஒருவருக்குப் படியேறினால் இளைக்கிறது, வறட்டு இருமல் விடவில்லை என்றால், "வயசாச்சு, சிகரெட்டை விடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிறகு இருமல் மருந்து, ஆஸ்துமா பம்பு என மாதங்கள் ஓடும். முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், பள்ளிப் பையின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அதைக் கவனிக்கும் மருத்துவர் சிடி ஸ்கேனுக்கு அனுப்புவார். புகைப்பழக்கமும், மரத்தூள், உலோகத் தூளுக்கு நடுவே வேலை செய்வதும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

இந்தத் தாமதத்துக்கு விலை அதிகம். சிகிச்சை இல்லாமல், நோய் உறுதியான பிறகு வாழும் காலம் பலருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான். பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் என்ற இரு மருந்துகளை 2014 அக்டோபரில் அமெரிக்கா அங்கீகரித்தது. இவை நோயின் வேகத்தைக் குறைக்கும். ஏற்கெனவே விழுந்த தழும்பை அழிக்காது. அறிமுகமானபோது அங்கே ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல் விலை. முதல் மருந்தை எடுப்பவர் வெயிலில் அதிகம் நிற்கக்கூடாது, தோல் தடித்துச் சிவக்கும். வெளிவேலையே பிழைப்பாக உள்ளவருக்கு அது பெரிய நிபந்தனைதான்.

அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட் கட்டினால் போதும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் செலவின் பெரும்பகுதி அந்தக் கட்டண முகப்பில் தெரிவதில்லை. நோய் முற்றினால் வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வேண்டும். 350 வாட் இயந்திரம் இரவு பகலாக ஓடினால் மாதம் சுமார் 250 யூனிட் மின்சாரம். கூட இருந்து பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ வேலையை விடும்போது போகும் சம்பளத்தை எந்தப் புள்ளிவிவரமும் சரியாகப் பிடிப்பதில்லை.

கைகொடுக்கக்கூடியது சொக்சோவின் 'இலாட்' எனப்படும் இயலாமை ஓய்வூதியம். சந்தா நிபந்தனைகளோடு, 60 வயதுக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அதைத் தாண்டியவர், 60க்கு முன்பே உழைக்க முடியாமல் போனதையும் அதன்பின் வேலை செய்யவில்லை என்பதையும் நிரூபிக்க வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் பிடிபடுவதோ 60க்கு மேல்தான். 58இல் மூச்சிரைப்பால் வேலையை விட்டு, 61இல் நோயின் பெயரைத் தெரிந்துகொள்பவருக்கு, 58இல் எழுதிய கிளினிக் அட்டையும் எக்ஸ்ரே அறிக்கையும்தான் சான்று. கடையில் இருமல் மருந்து மட்டும் வாங்கி வந்தவரிடம் அப்படி ஒரு தாள்கூட இருக்காது.