டிரைவருக்கு முன்னே எழுத வேண்டியது

லினக்ஸ் கெர்னலில், ஜிபிஐஓ கம்பிகளை டிவைஸ்ட்ரீயிலிருந்து படித்தெடுக்கும் நிரலுக்குள் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. சில சாதனங்களின் பெயரைச் சொல்லி, இவற்றுக்கு டிவைஸ்ட்ரீயில் எழுதியிருக்கும் துருவநிலையை நம்பாமல் திருத்தி எடுத்துக்கொள் என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல் அது. 2009-இல் வெளிவந்த நோக்கியா என்900 கைப்பேசியின் தொடுதிரைக் கட்டுப்பாட்டுச் சிப்பான டிஎஸ்சி2005 அதில் இடம்பெற்றிருக்கிறது. அந்தச் சிப்பின் ரீசெட் கம்பி ஆக்டிவ் லோ வகை. கைப்பேசியின் டிவைஸ்ட்ரீ கோப்போ அதை ஆக்டிவ் ஹை என்றது. டிரைவரும் அந்தத் தவறுக்கு ஒத்துப்போகும்படி எழுதப்பட்டிருந்ததால் தொடுதிரை வேலை செய்தது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து டிரைவரைச் சரியான முறைக்கு மாற்ற முற்பட்டபோது இந்த முரண் குறுக்கே வந்து நின்றது. விதிவிலக்கு கெர்னலின் பொது நிரலுக்குள் குடியேறியது.

இத்தகைய பிழை நுழைய இடம் தராமலிருக்கப் பைண்டிங் ஆவணத்தில் ஒரு வரி போதும். ரீசெட் கம்பி தாழ்நிலையில் இயங்கும் என்ற வரி. அந்த வரியை எழுத டிரைவர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டேட்டாஷீட்டைப் படித்திருக்க வேண்டும், அவ்வளவே.

பைண்டிங் ஆவணம் வன்பொருளைப் பற்றிப் பேச வேண்டும், டிரைவரைப் பற்றி அல்ல. கெர்னல் சமூகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதிதான் இது. ஆனாலும் நம் துறையில் பெரும்பாலும் டிரைவர் முதலில் எழுதப்படுகிறது. அது ஓடியபின், அதற்குத் தேவைப்பட்ட பண்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி யாமெல் கோப்பில் இட்டு, சரிபார்ப்புக் கருவி குறை சொல்லாமல் வாயை மூடும்வரை திருத்தி அனுப்புகிறோம். அப்படி உருவாகும் ஆவணத்தில் டிரைவரின் நிழல்தான் விழுந்திருக்கும். டிரைவர் பயன்படுத்தாத இன்டரப்ட் கம்பி அதில் இருக்காது. போர்டில் நிலையாக இணைந்திருப்பதால் யாரும் தொடாத மின்வழங்கி இருக்காது. எத்தனை மில்லிவினாடிக்கு ஒருமுறை சென்சாரைப் படிக்க வேண்டும் என்பது போன்ற, வன்பொருளுக்குத் தொடர்பே இல்லாத விருப்பத் தேர்வுகள் மட்டும் பண்புகளாக வந்து உட்கார்ந்திருக்கும்.

டிவைஸ்ட்ரீயின் வரலாறு நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பெயரில் 1994-இல் ஐஇஇஇ 1275 தரமாக வந்த கருத்து, சன் கணினிகளிலும் ஆப்பிளின் பவர்பிசி கணினிகளிலும் இயங்கியது. ஏஆர்எம் போர்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சி கோப்பு குவிவதைக் கண்டு 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்தபின், அதே கருத்து ஏஆர்எம் உலகின் பொதுவழியாயிற்று. முதலில் பைண்டிங் ஆவணங்கள் வெறும் உரைக் கோப்புகளாக இருந்தன. 2019-இல் வெளிவந்த 5.0 பதிப்பை ஒட்டி, ராப் ஹெர்ரிங் முன்னெடுத்த யாமெல் ஸ்கீமா முறை நுழைந்தது.

ஸ்கீமா முறையால் விளைந்த நன்மை பெரிது. எழுத்துப்பிழை, விடுபட்ட கட்டாயப் பண்பு, ஆவணத்தில் இல்லாத பண்பு எல்லாம் இப்போது இயந்திரத்தின் கண்ணில் படுகின்றன. ஆனால் சரிபார்ப்பில் தேறிவிட்டதால் ஆவணம் எழுதி முடிந்துவிட்டதாகக் கருதும் பழக்கமும் கூடவே வளர்ந்திருக்கிறது. இதை நான் கவலையோடு பார்க்கிறேன்.

ஐ2சி ஈப்ராம்களுக்கான ஏடி24 பைண்டிங்கை எடுத்துக்கொள்வோம். ஒரே மூச்சில் எத்தனை பைட் எழுதலாம் என்பதைச் சொல்லும் பேஜ்சைஸ் என்ற பண்பு அதில் உண்டு. ஸ்கீமா அனுமதிக்கும் மதிப்புகள் 1, 8, 16, 32, 64, 128, 256. உங்கள் போர்டிலுள்ள சிப்பின் பக்கம் 32 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 64 என்று எழுதினால் ஸ்கீமா மறுக்காது, அதுவும் பட்டியலில் உள்ள எண்தானே. ஆனால் சிப், பக்க எல்லையைத் தொட்டதும் அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி, எழுதியதன் மீதே எழுதும். தரவு போய்விடும். அந்த ஆவணத்தை எழுதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். மதிப்பு சிப்புக்குச் சிப்பு வேறுபடும், கையேட்டைப் பாருங்கள், தவறினால் தரவு அழியலாம், குறிப்பிடாவிட்டால் பாதுகாப்பான 1 எடுத்துக்கொள்ளப்படும், அது மிக மெதுவாக இருக்கும் என்று விளக்கப் பகுதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எந்தக் கருவியாலும் சரிபார்க்க முடியாத சில வாக்கியங்கள் அவை. நல்ல பைண்டிங் எப்படி இருக்கும் என்று கேட்கும் இளம் பொறியாளருக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கோப்பைத்தான்.

கம்பாட்டிபிள் பெயர் இன்னொரு இடம். சினாப்சிஸ் நிறுவனத்தின் டிசைன்வேர் யூஆர்ட் எண்ணற்ற சிப்களுக்குள் இருக்கிறது. ராக்சிப் ஆர்கே3399-இன் டிவைஸ்ட்ரீயில் அதற்கு இரண்டு பெயர்கள் வரிசையாக நிற்கும். முதலில் அந்தச் சிப்புக்கே உரிய பெயர், அடுத்துச் சினாப்சிஸின் பொதுப்பெயர். இன்று டிரைவர் பொதுப்பெயரைக் கொண்டே பொருந்திக்கொள்கிறது. அப்படியானால் முதல் பெயர் எதற்கு? மார்வெலின் அர்மடா 38எக்ஸ் இதற்கு விடை சொல்லும். அதன் யூஆர்ட் முதலில் பொதுப்பெயரை மட்டும் தாங்கி வந்தது. பின்னர் அந்தச் சிப்புக்கே உரிய வன்பொருள் குறைபாட்டுக்குத் தனி நிவாரணம் தேவைப்பட்டபோது, டிவைஸ்ட்ரீயில் தனிப்பெயரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பழைய டிவைஸ்ட்ரீயோடு இயங்கும் போர்டில் கெர்னலை மட்டும் புதுப்பித்தால் அந்த நிவாரணம் கிடைக்காது. தனிப்பெயர் முதல் நாளிலேயே இருந்திருந்தால் கெர்னலைப் புதுப்பித்ததே போதுமானதாக இருந்திருக்கும்.

ஆவணம் எழுத நேரமில்லை, வாடிக்கையாளர் கேட்பது டிரைவரைத்தான் என்கிறார்கள். அந்த நெருக்கடி உண்மையானது, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டில் எது நிலைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டிரைவரை நாளைக்கே முழுவதுமாக மாற்றி எழுதலாம், கெர்னலுக்குள் அதற்குத் தடையில்லை. பண்பின் பெயரும் பொருளும் அப்படியல்ல. போர்டின் ஃபிளாஷில் எழுதப்பட்டு ஊர் ஊராகச் சென்றுவிட்ட டிவைஸ்ட்ரீயோடு புதிய கெர்னல் ஒத்துப்போக வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி இதே டிவைஸ்ட்ரீ கோப்புகளை எடுத்துக்கொள்கிறது. யூ-பூட் 2024 முதல் இவற்றைத் தன் மூலநிரலுக்குள்ளேயே இணைத்து வைத்திருக்கிறது. புதிய பைண்டிங்குகளை ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, பிஎஸ்டி இரண்டு விதி உரிமம் என்று இரட்டை உரிமத்தில் தரும்படி கேட்பதற்கு இதுவே காரணம். லினக்ஸ் டிரைவரை ஒருபோதும் பார்க்காத ஒருவர் அந்த ஆவணத்தை மட்டும் வைத்து வேறொரு இயங்குதளத்தில் டிரைவர் எழுத முடிய வேண்டும்.

ரிவியூ செய்வோரிடம் ஒரு வேண்டுகோள். பைண்டிங் பேட்ச் வந்தால் டிரைவர் பேட்சைத் திறக்காமல் முதலில் அதை மட்டும் படியுங்கள். ஒவ்வொரு கம்பியின் துருவநிலை, ஒவ்வொரு மின்வழங்கியின் பெயர், கிளாக்குகளின் வரிசை, இன்டரப்ட் எந்த விளிம்பில் தூண்டப்படும் என்பவை டேட்டாஷீட்டோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். டிரைவர் இதைப் பயன்படுத்துகிறது என்று தொடங்கும் விளக்கத்தைக் கண்டால் திருப்பி அனுப்புங்கள்.

பழைய உரைக் கோப்புகள் இன்னும் யாமெலுக்கு மாறாமல் கிடக்கின்றன. புதிதாக வருவோருக்கு இது நல்ல தொடக்கம் என்று நாம் சொல்லி வருகிறோம், சரிதான். ஆனால் மாற்றுவது என்பது உரையைப் பெயர்த்து எழுதுவது மட்டுமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாற்றிய ஸ்கீமாவைக் கொண்டு கெர்னலில் உள்ள டிவைஸ்ட்ரீ கோப்புகளைச் சரிபார்த்தால், ஆவணம் ஒன்று சொல்ல, போர்டுகள் வேறொன்று செய்வது அடிக்கடி தென்படும். அப்போது எச்சரிக்கையை அடக்குவதற்காக ஸ்கீமாவைத் தளர்த்திவிடக் கூடாது. டேட்டாஷீட்டைத் திறந்து எது உண்மை என்று பார்க்க வேண்டும். போர்டு செய்வது சரியென்றால் ஆவணத்தைத் திருத்தி, உரைக் கோப்பிலிருந்து ஏன் விலகினோம் என்பதைக் கமிட் செய்தியில் எழுத வேண்டும். போர்டு தவறென்றால் டிவைஸ்ட்ரீயைத் தனிப் பேட்சாகத் திருத்தி, ஏற்கெனவே விற்ற போர்டுகள் அதனால் நின்றுபோகுமா என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும்.