பாட்டுக்குப் பூட்டு

தாளத்திற்கு இயைய விரைந்து சொல்லடுக்கிப் பாடும் 'ரேப்' என்னும் சொல்லிசை, 1970களில் நியூயார்க் மாநகரத்து வறிய கறுப்பின இளைஞரிடையே தோன்றியது. இன்று அது நம் மாணவர் செவியையும் கவர்ந்துள்ளது. எள்ளுவதும் இடித்துரைப்பதும் அதற்கு இயல்பு. ஆகலின், பாடுவோர் எதுவரை பாடலாம் என்னும் வினா அதனோடு உடன்பிறந்தது எனலாம். இவ்வினாவை ஆராய்தற்குத் தமிழ்ப் பெண்மணி ஒருவரின் வரலாறே தக்க சான்றாகும்.

மாயா எனப்படும் மாதங்கி அருட்பிரகாசம் 1975-இல் இலண்டனிற் பிறந்து, இளமையை யாழ்ப்பாணத்திற் கழித்தவர். போர் மூண்டபின் அகதியாய் இலண்டனுக்கு மீண்டவர். 'எம்.ஐ.ஏ.' என்னும் பெயரால் 2005-இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுதிக்குத் தம் தந்தையாரின் இயக்கப் பெயராகிய 'அருளர்' என்பதனையே சூட்டினார். ஏதிலிகளின் துயரும் சினமும் அவர் பாட்டிற்குப் பொருளாயின. புகழ் வந்தது, உடன் தடையும் வந்தது. 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாட்டிலுள்ள துப்பாக்கி ஓசையை எம்டிவி தொலைக்காட்சி மாற்றி ஒலிபரப்பிற்று. 2012 பிப்ரவரி 5-இல் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளையிற் பாடுகையில் அவர் நடுவிரலை உயர்த்திக் காட்டினார். அது பண்பட்ட செயலென்று யாம் வழக்காட வரவில்லை. ஆயினும் அவ்வொரு நொடிக்கு, ஒப்பந்தத்தை மீறினார் எனக் கால்பந்துச் சங்கம் கோரிய தொகை 1 கோடியே 66 இலட்சம் டாலர்! 2014-இற்றான் அப்பூசல் உடன்பாட்டால் ஓய்ந்தது.

இங்கே பாட்டைப் பூட்டியது அரசன்று; படியளப்போர் கை. இது கடல் கடந்த செய்தியென எண்ணற்க. நம் குரங்கணி மலைச்சரிவில் ஏலக்காய் பறிக்கும் பெண்ணொருத்தி, கூலி குறைத்த கங்காணியை எள்ளி ஓரடி கட்டிப் பாடுகிறாள் என்று கொள்வோம். அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு வழங்கும் பேச்சுரிமை அவளுக்கும் உரியதே. எனினும், 'நாளை வேலைக்கு வரவேண்டாம்' என்னும் ஒரு சொல் அவள் வாயை அடைத்துவிடும்.

அரசும் வாளா இருந்ததில்லை. அரசு மதுக்கடைகளை மூடுமாறு பாடிய மக்கட் பாடகர் கோவன், 2015 அக்டோபர் 30-இல் திருச்சியிற் கைது செய்யப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்டது இராசத்துரோகம், 1908-இல் வ. உ. சிதம்பரனாரைச் சிறைப்படுத்திய அதே சட்டப்பிரிவு. அப்பிரிவை 2022 மே 11-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2025 மார்ச்சில், கவிதையொன்றை ஒலிக்கவிட்டதற்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது தொடுத்த வழக்கையும் தள்ளியது. சொல்லின் விளைவை உறுதியான நெஞ்சுடையாரைக் கொண்டே அளத்தல் வேண்டும். எக்குறை கேட்பினும் நடுங்குவாரைக் கொண்டன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அங்ஙனமாயின் எல்லையே வேண்டாவோ? வேண்டும். ஒருவரைக் கொல்லென ஏவுவதும், பொய்கூறி ஒருவர் மானத்தை அழிப்பதும், பிறப்பைச் சுட்டி எளியாரை இழிப்பதும் பாட்டென்னும் பெயரால் தப்பலாகாது. ஆனால் அவ்வெல்லை முன்னரே எழுதப்பட்டதாய், எல்லார்க்கும் ஒன்றாய், நடுநிலையாளர் முன் வாதிடத் தக்கதாய் இருத்தல் வேண்டும். ஆள்வோர் மனம் புழுங்கியதும் முதலாளி முகம் சுளித்ததும் எல்லையாகா. அரியணையிலிருந்த தாவீதை நோக்கி, 'நீயே அந்த மனிதன்' என்று நாத்தான் இடித்துரைத்தான். அரசன் அவனைச் சிறையிலிடவில்லை. தன் பிழையை உணர்ந்தான்.

பிறர் பாட்டுப் பிடியாதார்க்கும் ஒரு வழி உண்டு. மாயா விடுதலைப் புலிகளை ஆதரிக்கிறார் எனக் குறைகூறி, 2008-இல் டிலான் என்னும் இலங்கைச் சொல்லிசைஞர் அவருடைய மெட்டிலேயே எதிர்ப்பாட்டுப் பாடினார். மாயா அக்குற்றச்சாட்டை மறுத்தார். இவருள் யார் பக்கம் மெய்யென்பது வேறு வினா, வழி நல்வழி. எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து விடியுமட்டும் லாவணி பாடிய நம் முன்னோர்க்கும் இது புதிதன்று.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரி மேடையில் நாளை ஒருவன் நமக்கு ஒவ்வாத பாட்டொன்றைப் பாடக்கூடும். ஒலிபெருக்கியை நிறுத்துமாறு கூவுதல் எளிது. மறுநாள் அதே மேடையில் அதனினும் நல்லதொரு பாட்டால் விடையிறுத்தல் அரிது. கல்வி நமக்குத் தரவேண்டிய ஆற்றல் அவ்வரிய ஆற்றலேயாம்.