சீர்செய்வது வேறு, மீட்பது வேறு

கனடாவில் வாழும் வாசகி ஒருவரிடமிருந்து 2025 ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளர் பற்றி 2003 இல் நான் எழுதிய தொடர் ஒன்றிற்காக அவருடைய தந்தையையும் படம் எடுத்திருந்தேனாம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் புகுந்தபோது குடும்பத்தின் புகைப்பட அல்பங்கள் அனைத்தும் போய்விட்டன. அதன்பின் சில ஆண்டுகளில் தந்தையும் காலமானார். "ஐயா, அந்தப் படம் உங்களிடம் இப்போதும் இருக்குமா?" என்று கேட்டிருந்தார்.

இருக்கும் என்று சற்றும் யோசியாமல் பதில் எழுதினேன். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த கையோடு வாங்கிய கணினியின் 40 கிகாபைட் வன்தட்டு, துணியில் சுற்றப்பட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. அதில் எல்லாம் இருந்தன. இருந்தன என்றுதான் இத்தனை ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன்.

இரவல் வாங்கிய இணைப்பி ஒன்றின் மூலம் அதை மடிக்கணினியில் பொருத்தியபோது விண்டோஸ் ஒரு வரியில் பதில் சொன்னது: இந்த வட்டைப் பயன்படுத்துவதற்கு முன் வடிவமைக்க வேண்டும், வடிவமைக்கவா? அந்த வினாவின் கீழே இருந்த பொத்தான் ஒன்றை அழுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லாமற் போயிருக்கும்.

நான் அழுத்தவில்லை. அதற்குக் காரணம் என் அறிவல்ல, ஏற்கெனவே பட்டிருந்த அடி. சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வன்தட்டு இவ்வாறே முரண்டு பிடித்தபோது, நகரிலுள்ள கடை ஒன்றில் கொடுத்தேன். மறுநாளே "சரி பண்ணியாச்சு" என்று திருப்பித் தந்தார்கள். வட்டு உண்மையிலேயே திறந்தது. உள்ளே ஒரே உறையில் ஆயிரக்கணக்கான கோப்புகள். எதற்கும் பெயரில்லை, வெறும் எண்கள். என் உறைகளும் தலைப்புகளும் திகதிகளும் போன இடம் தெரியவில்லை. பல கோப்புகள் திறக்கவே மறுத்தன.

அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சரிசெய்துதான் தந்தார். சீர்செய்வதும் மீட்பதும் ஒன்றென்று நான் நினைத்திருந்ததுதான் பிழை.

*

துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உள்ளே சரக்கு அடுக்கப்பட்டிருக்கிறது. வாசலில் ஒரு பேரேடு இருக்கிறது. எந்தப் பெட்டி எந்த வரிசையில், யாருக்குரியது என்பதெல்லாம் அதில்தான் எழுதப்பட்டுள்ளன. வன்தட்டில் கோப்பு முறைமை என்பது அந்தப் பேரேடு. என் பழைய வட்டில் இருந்தது ஃபேட் 32 என்ற முறைமை. பிற்காலக் கணினிகளில் என்டிஎஃப்எஸ். பெயர்கள் வேறானாலும் வேலை ஒன்றுதான்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பேரேட்டின் வரி பாதியில் நின்றுவிடும். மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்தோம். இப்படி வரிகள் முறியும்போது வன்தட்டில் சரக்கு இருந்தும், கணக்கில் இல்லாததாகிவிடுகிறது.

விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் போன்ற கருவி இந்நிலையில் என்ன செய்கிறது? பேரேட்டைத் தன்னளவில் முரணில்லாததாக்குகிறது. ஒன்றோடொன்று மோதும் பதிவுகளை வெட்டுகிறது. உரியவர் பெயர் தெரியாத பெட்டிகளுக்கு எண்ணிட்டு முற்றத்தில் குவிக்கிறது. கணக்கு சரியாகிவிடும். ஆனால் யாருடைய பெட்டி எது என்பதை இனி ஒருவரும் சொல்ல முடியாது. வட்டு மீண்டும் இயங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். உங்கள் தந்தையின் படம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கமன்று. அதுவும் நோயுற்ற வட்டின் மேலேயே எழுதித் திருத்துவதால், திருத்தம் பிழைத்தால் திரும்பிப் போக வழியில்லை.

*

இம்முறை உட்துறைமுக வீதிப் பக்கமாகக் கணினி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் போனேன். வட்டைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "ஐயா, இதுக்கு இதுவரை என்னென்ன செய்தனீங்கள்?" என்பது. ஒன்றும் செய்யவில்லை என்றேன். "அதுதான் நல்லது" என்றார்.

வட்டைச் சந்தேகிக்கும் முன் சுற்றியிருப்பவற்றைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அவருடைய முறை. கடற்காற்றில் முனைகள் பச்சை பூத்திருந்தன. துடைத்தார். என் இணைப்பியை ஒதுக்கிவிட்டு, பழைய மேசைக்கணினி ஒன்றில் புதிய வடம் போட்டு நேரடியாகப் பொருத்தினார். வன்தட்டுகள் தம் உடல்நலத்தைத் தாமே குறித்து வைத்திருக்கின்றன. ஸ்மார்ட் எனப்படும் அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டினார். 199 ஆம் வரியின் எண் கூடினால் குற்றம் பெரும்பாலும் வடத்தில். 5 ஆம் வரியும் 197 ஆம் வரியும் கூடினால் தட்டின் பரப்பே கெட்டுக்கொண்டிருக்கிறது. என் வட்டில் பின்னவை இரண்டும் பூச்சியமாக இல்லை.

"சாகக் கிடக்கிற ஆளை எழுப்பி வேலை வாங்கக் கூடாது ஐயா. சொல்ல இருக்கிறதை ஒருக்கா சொல்ல வைச்சு எழுதி எடுப்பம். பிறகு எழுதினதை வைச்சு ஆராய்வம்" என்றார். நாற்பது ஆண்டுகள் நேர்காணல் எடுத்த எனக்கு இதைவிடத் தெளிவாக ஒருவரும் விளக்கியிருக்க முடியாது.

டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் வட்டு முழுவதையும், பேரேடு சரக்கு என்ற வேறுபாடில்லாமல், செக்டர் செக்டராகப் புதிய வட்டில் பிரதி எடுக்கத் தொடங்கினார். எளிதில் வாசிக்கக்கூடிய பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொள்கிறது. அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிச் சென்று, பின்னர் பொறுமையாகத் திரும்பி வருகிறது. எது முடிந்தது, எது மீதம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. அந்தக் குறிப்பின் அருமை 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்ட நாள் அது. மின்சாரம் வந்ததும் பிரதியெடுப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

முடிவில், ஏறத்தாழ 7 கோடியே 80 இலட்சம் செக்டர்களில் 412 மட்டுமே வாசிக்க முடியாமற் போயின. முழு வட்டோடு ஒப்பிட்டால் தூசு. ஆனால் அவற்றுள் ஒன்று பேரேட்டின் முதற்பக்கம். அதனால்தான் முழு வட்டும் வெறுமையாகத் தோன்றியது. நல்லவேளையாக ஃபேட் 32 அந்த முதற்பக்கத்தின் படி ஒன்றைச் சில செக்டர்கள் தள்ளி வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி அதைக் கண்டுபிடித்துப் பிரதியில் பொருத்தியது. என் உறைகள் தம் பெயர்களோடு திரையில் எழுந்தன.

*

கட்டுரைக் கோப்பைத் திறந்தால் மீண்டும் அதிர்ச்சி. தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக்களின் குப்பை. இதுவும் சிதைந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அது சிதைவன்று. அக்காலத்தில் நாம் அனைவரும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டோம். பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குப்பை. ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் இட்டதும் ஒரு எழுத்துப் பிசகாமல் தமிழ் வந்தது. இப்படிச் சிதைந்ததாக எண்ணி எத்தனை பேர் தம் பழைய கோப்புகளை அழித்திருப்பார்கள் என்று நினைக்கவே வருத்தமாக இருக்கிறது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினியில் எழுதியோர் தயவுசெய்து மீண்டும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வாசகியின் தந்தையை மூன்று படங்களில் எடுத்திருந்தேன். இரண்டில் மேல் விளிம்போடு காட்சி நின்று, அதன் கீழ் வெறும் சாம்பல் நிறம். படக் கோப்பில் இடையே ஒரு செக்டர் போனாலும் அதற்குக் கீழுள்ளது குலைந்துவிடும். மூன்றாவது படத்தில் அவர் பொதி சுமக்கும் வரிசையின் ஓரத்தில், பாதி திரும்பிய முகத்தோடு நிற்கிறார். அதை அனுப்பினேன். "அப்பா அப்படித்தான் நிற்பார்" என்று பதில் வந்தது.

*

கதை இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

பிரதியை மேலும் துழாவியபோது, நான் எதிர்பாராத சில கோப்புகளும் எழுந்து வந்தன. அவற்றை அழித்தது பழுதல்ல. என் கை.

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்ததாகவே முதலில் சொல்லப்பட்டது. அவர்களின் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைச் 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜனின் புகைப்படங்கள் காட்டின. அவை பத்திரிகையில் வெளிவந்தன. ஜனவரி 24 அன்று அவர் இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவு இந்நகரில் செய்தி எழுதிய பலர் என்ன செய்தார்களோ அதையே நானும் செய்தேன். என்னோடு பேசியவர்களின் பெயர்களும் ஊர்களும் கொண்ட கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.

கோப்பை அழிப்பது என்பது பேரேட்டில் ஒரு பெயரின் முதல் எழுத்தை அடித்து, அந்த இடம் காலி என்று எழுதுவது மட்டுமே. புதிய சரக்கு வந்து இறங்கும்வரை பழைய பெட்டி அங்கேயே இருக்கும். பத்தொன்பது ஆண்டுகள் அது அங்கேயே இருந்திருக்கிறது. அந்த வட்டைத்தான் நான் துணியில் சுற்றி வைத்திருந்தேன். அதுபோன்ற இன்னொரு வட்டைத்தான் முன்பின் தெரியாத கடையில் ஓரிரவு விட்டு வந்தேன். என்னை நம்பிப் பேசியவர்களின் பெயர்களை அறியாமலே வீதியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தொழிலில் நான் செய்த பிழைகளுள் இதையே பெரிதாகக் கருதுகிறேன்.

ஆகவே என் கருத்து இரு முனை கொண்டது. வைத்திருக்க வேண்டியதை நாம் சரியாக வைத்திருக்கவில்லை. மறைக்க வேண்டியதைச் சரியாக மறைக்கவுமில்லை.

அந்த ஐவர் கொலை வழக்கில், விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரைப் போதிய சான்றில்லை என்று 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் அஞ்சி ஓடிய ஊரில் பதிவுகளின் பெறுமதி என்ன என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பிராந்தியச் செய்தியாளர் எடுத்த படமும் குறிப்பும் இருப்பது எங்கே? தலைநகர் அலுவலகத்தில் அச்சான பிரதி இருக்கலாம். அச்சாகாத மற்றவை அவருடைய வீட்டு அலுமாரியில், உப்புக்காற்றில், ஒரே ஒரு வட்டில்.

அரசைப் பார்த்தும் ஆறுதலடைய முடியாது. 2023 இல் அரசாங்கத்தின் மேகக் கணிமைத் தொகுதி கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்குள்ளானபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்கு மாற்றுப் பிரதி இல்லை என்பதே காரணம். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு என்றும் உண்டு. நெருப்பில்லாமலே நாம் இழந்துகொண்டிருப்பதைப் பற்றியும் அதே கூர்மையோடு கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்றாவது வேறு ஊரில். வெளியிடத்தக்கவற்றை 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் போன்ற முயற்சிகளிடம் சேர்ப்பது. பெயர்கள் அடங்கியவற்றைக் கடவுச்சொல்லிட்டுக் குறியாக்கம் செய்து பூட்டுவது. பத்திரிகை நிறுவனங்கள், ஓய்வுபெறும் ஒவ்வொரு பிராந்தியச் செய்தியாளரிடமும் சென்று, கூலி கொடுத்தேனும் ஒரு பிரதி கேட்டு வாங்குவது. வட்டு பழுதென்று சந்தேகம் வந்தால், திருத்தச் சொல்லாமல் முதலில் பிரதியெடுக்கச் சொல்வது.

மீண்டு வந்த அந்தப் பெயர்க் கோப்புகளை நான் இம்முறை அழிக்கவில்லை. பூட்டி வைத்திருக்கிறேன். அவற்றிலுள்ளோரில் உயிரோடிருப்பவர்களை ஒவ்வொருவராகத் தேடி, என்ன செய்யட்டும் என்று கேட்டு வருகிறேன். இதுவரை கேட்டவர்களில் ஒருவர் அழித்துவிடச் சொன்னார். அவர் முன்னிலையிலேயே அழித்தேன், இம்முறை அதன்மேல் எழுதியும் விட்டேன். மற்றொருவர், "இருக்கட்டும் ஐயா, நான் சொன்னதை எண்டாலும் ஒரு இடத்தில வைச்சிருங்கோ" என்றார்.