இயந்திரம் பிடித்தது யாரை?



நமது பஜாருக்கு முன்பெல்லாம் பில் போடும் கம்ப்யூட்டர் விற்க வந்தார்கள். இப்போது ஆட்களை நிர்வாகம் செய்யும் கம்ப்யூட்டர் விற்க வருகிறார்கள். வருகைப் பதிவு, விடுப்பு, சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், முதலாளி கல்லாவில் உட்கார்ந்தால் போதும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான். மீதியைப் பற்றி நாம் பட்டதை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

நமது மொத்த மளிகைக் கடையிலும் கிட்டங்கியிலுமாக 23 பேர் வேலை பார்த்தார்கள். 2022 வரை எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு நீள நோட்டுத்தான். கணக்கப்பிள்ளை காலையில் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார், மாலையில் அதன் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டும் இருந்தால் முழு நாள். முன்பணம் வாங்கியது கடைசிப் பக்கத்தில் இருக்கும். மாதக் கடைசி இரண்டு நாள் அவரிடம் வேறு வேலை சொல்ல முடியாது. இ.எஸ்.ஐ.க்கு ஆளிடம் 0.75 சதவீதம், நம்மிடம் 3.25 சதவீதம் (2019 ஜூலையிலிருந்து இந்த விகிதம்), பி.எஃப்.க்கு 12 சதவீதம் என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். ஒரு முறை ஓர் எண் மாறிப்போய், ஒரு பையனின் பி.எஃப். பணம் வேறொருவன் கணக்கில் ஏறிவிட்டது. தப்பு நம்முடையது. அதைச் சரிக்கட்ட எட்டு மாதம் அலைந்தோம்.

ஆகவே நமது மகன் விரல் ரேகை இயந்திரமும் அதற்கான சாப்ட்வேரும் வாங்கி மாட்டியபோது நாம் தடுக்கவில்லை. இரண்டு நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. பைசா பிசகவில்லை. கணக்கப்பிள்ளைக்கு முகம் வாடியது. அவரை வசூலுக்கு மாற்றினோம், நிலுவை நன்றாகவே குறைந்தது.

கம்ப்யூட்டர் சம்பளம் போடுவது பெரிய ஆலைகளின் சமாசாரம் என்று சிலர் நினைக்கிறார்கள். உலகத்தில் வியாபாரக் கணக்குக்கென்று முதன்முதலாக ஓடிய கம்ப்யூட்டர் நம்மைப் போன்ற தின்பண்டச் சரக்குக்காரர்களுடையதுதான். லண்டனில் டீக்கடைகளும் பேக்கரியும் நடத்திய ஜே. லயன்ஸ் கம்பெனி 'லியோ' என்று ஒன்றைத் தானே கட்டி, 1951இல் பேக்கரிக் கணக்கையும், 1954இல் சம்பளப் பட்டியலையும் அதில் ஏற்றியது. கைதேர்ந்த குமாஸ்தா ஓர் ஆளுக்கு எட்டு நிமிடம் எடுத்த கணக்கை லியோ ஒன்றரை விநாடியில் முடித்ததாம்.

நமது கடைக்கு வருவோம். இரண்டாவது மாதச் சம்பளத்தன்று பில் போடும் பையன் ஒருவன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றான். சம்பளம் 15,000. அதில் 500 பிடித்தம். ஆறு நாள் தாமதமாக வந்திருக்கிறான். மூன்று தாமதத்துக்கு அரை நாள் என்று இயந்திரம் தானாக வெட்டிவிட்டது.

"அண்ணாச்சி, காலையில கால் மணி லேட்டு தெரியுற மிசினுக்கு, ராத்திரி நான் போறது பத்து மணின்னு தெரியாதா?" என்று கேட்டான்.

நமக்குக் கோபம்தான் வந்தது. அன்றிரவு மகனை உட்கார வைத்து உள்ளே பார்க்கச் சொன்னோம். இயந்திரத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவன் வெளியே போன நேரம் 9.40, 9.45, 9.50 என்று 26 நாளும் வரிசையாக இருந்தது. சாப்ட்வேரில் 'தாமதப் பிடித்தம்' என்ற இடத்தில் ஆம் என்றும், 'கூடுதல் நேரம்' என்ற இடத்தில் இல்லை என்றும் போட்டு மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். விற்றவரைப் போனில் கேட்டோம். "கடைக்காரங்க எல்லாரும் அப்படித்தான் சார் கேக்குறாங்க" என்றார். அவர் மேல் குற்றமில்லை.

நமது கடைகள் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், மேற்கொண்டு வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்று 1947ஆம் ஆண்டே எழுதிவைத்தது. மேற்கொண்டு வாங்கினாலும் நாளைக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றது. அந்தப் பையன் சாப்பாட்டு நேரம் போக நாளைக்கு 12 மணி நேரம் நின்றிருக்கிறான். கூடுதல் 4 மணி, 26 நாளைக்கு 104 மணி, இரட்டைக் கூலிக்கு 208 மணி. 208 மணி என்பது 26 நாள் சம்பளம். அதாவது இன்னொரு 15,000 ரூபாய்! நாம் பிடித்தது 500. கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்தோம். எழுதவே கை கூசுகிறது.

நோட்டு இருந்த காலத்திலும் இதே 12 மணி நேரம்தான். ஆனால் நோட்டில் மணி கிடையாது, கோடுதான் உண்டு. "எல்லாரும் நம்ம பிள்ளைகள் மாதிரி" என்று சொல்லி, தீபாவளிக்கு வேட்டியும் பலகாரப் பெட்டியும் கொடுத்து நாமும் மறந்தோம், அவர்களும் கேட்கவில்லை. தாமதமாக வருகிறவனைப் பிடிக்க வாங்கிய இயந்திரம் நம்மைப் பிடித்துவிட்டது. இதை நமது இதழிலேயே எழுதுவதா என்று சில உறுப்பினர்கள் வருத்தப்படலாம். அந்த மணிக்கணக்கு அவர்கள் கடைப் பெட்டியிலும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால் அழிக்க முடியாத சாட்சி அது.

இப்போது காலை 8.30 முதல் 5.30 வரை ஒரு அணி, 12.30 முதல் இரவு 9.30 வரை ஒரு அணி என்று பிரித்திருக்கிறோம். மூன்று பேரைக் கூடுதலாக எடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை மூட்டைக்கு என்ன நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இது லேசான செலவல்ல. தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் நேரம் கூடத்தான் செய்கிறது. ஆனால் அது கூலியாகச் சீட்டில் ஏறுகிறது. நின்றுபோகிற ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். அந்தப் பையனுக்கு 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். பழைய வருஷங்களுக்கு என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் பதில் இல்லை.

வேறு இரண்டு சங்கதியும் உண்டு. எடை போடும் பெரியவருக்கு நாற்பது வருஷமாக உப்பு மூட்டையும் சர்க்கரை மூட்டையும் தூக்கி ரேகையே தேய்ந்துவிட்டது. முதல் மாதம் அவரை ஏழு நாள் வரவில்லை என்று காட்டியது. கணக்கப்பிள்ளை பழக்க தோஷத்தில் நோட்டிலும் கோடு போட்டு வந்ததால் தப்பித்தோம். நோட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். அங்கே குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை, சரியாகச் சோதித்துப் பார்க்காத சம்பளக் கம்ப்யூட்டருக்கு 2010 மார்ச்சில் மாறியது. ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும், சிலருக்கு வராமலும் போனது. 2013இல் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். செலவு 100 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கிட்டங்கிப் பையன் ஒருவனின் தாயார் திடீரென்று காலமானார். கடையை அடைத்துவிட்டு எல்லாரும் போனோம். அவன் கொள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த நேரம், அவன் செல்போனில் நமது கடைப் பெயரில் செய்தி வந்தது: 'அனுமதியின்றி வரவில்லை, விளக்கம் தரவும்.' பக்கத்தில்தான் நாம் உட்கார்ந்திருந்தோம். அவன் நம்மைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாளே அந்த வசதியை நிறுத்தச் சொன்னோம். விடுப்பு, முன்பணம், கண்டிப்பு மூன்றும் இப்போது கல்லாவில் நேரில் பேசித்தான்.

ரேகைக்குப் பதில் முகம் பார்க்கும் இயந்திரம் மாற்றியாகிவிட்டது. 2023இல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். ஆட்களின் ரேகையையும் முகத்தையும் வாங்கி வைக்கிறவர்கள் அதைப் பத்திரமாகவும் வைக்க வேண்டும். நின்றுபோனவர்களுடையதை நாம் அழித்துவிடுகிறோம்.

நீள நோட்டும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இயந்திரச் சீட்டையும் நோட்டையும் மாதம் ஒருமுறை ஒத்துப் பார்க்கிறோம். சாப்ட்வேரில் எந்த இடத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் நமது கடைக்கு வரலாம். பிற்பகல் 3 மணிக்கு மேல் வந்தால் பஜார் ஓய்ந்திருக்கும், மகனும் கடையில் இருப்பான்.