‘எங்கள்’ என்னும் சொல்

திருகோணமலையிலிருந்து மாணாக்கர் ஒருவர் எமக்கு எழுதியுள்ளார். இறைவன் எங்கும் இருக்கின்றான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மனம் ஒன்றிச் செபிக்க முடிகின்றது. அங்ஙனமிருக்க, ஞாயிறுதோறும் கூட்டத்தில் நின்று பிறர் சொல்வதைத் தாமும் சொல்வதால் என்ன பயன் என்பது அவர் வினா. அன்னையார் வற்புறுத்தி அனுப்புவதாகவும், தாம் கோவில் முற்றத்து வேப்பமர நிழலிலேயே பூசை முடியுமட்டும் நின்றுவிடுவதாகவும் ஒளிக்காமல் சொல்லியிருக்கின்றார். அந்த உண்மைக்காகவே அவரை மெச்சுகின்றோம். அம்மர நிழலில் அவர் ஒருவர் மட்டுமா நிற்கின்றார்!

அறைக்குள் சென்று கதவைச் சாத்திச் செபிக்குமாறு போதித்தவர் இயேசு பெருமானே. மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் அது உளது. ஆனால் அதே இடத்தில், சில வசனங்கள் தள்ளி, அவர் கற்பித்த செபத்தையும் நோக்குக. அதில் ‘நான்’ என்பதற்கு இடமே இல்லை. தந்தை, அப்பம், கடன் யாவும் ‘எங்கள்’ உடைமைகளாகவே பேசப்படுகின்றன. தனியறையில் இருந்து சொன்னாலும் பன்மையிலேயே சொல்லவேண்டிய செபம் அது. ஆங்கிலம் ஒரே சொல்லால் கூறுவதைத் தமிழ் ‘நம்’ என்றும் ‘எங்கள்’ என்றும் பிரித்துரைக்கும். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நம்’. அவரை முன்னிலையில் நிறுத்தி, பேசுவோர் ஒரு திரளாய் நின்றால் ‘எங்கள்’. அப்படியாயின், யாரோடு சேர்ந்து நின்று இதைச் சொல்கின்றாய் என்ற கேள்வி எழாதா? வேப்பமரத்தோடு என்று விடை கூற இயலாதன்றோ?

1549-இல் ஆங்கிலத் திருச்சபை தன் வழிபாட்டு நூலை வெளியிட்டபோது ‘பொதுச் செபம்’ என்பதையே அதன் பெயரில் வைத்தது. ஆயினும், பொதுச் செபத்தின் வலிமையைக் காண நாம் அவ்வளவு தொலைவு போகவேண்டுவதில்லை.

1658-இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். அவர்களுக்கு இடமளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோவில்கள் பறிபோயின. 1687-இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் முனிவர் இரவலர் கோலத்தில் வந்திறங்கும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமுடிக்கும் காலம் அது. அம்முனிவர் செபமாலையைக் கழுத்தில் வெளித்தெரிய அணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். அதைக் கண்டு முகம் மாறியோரைக் கொண்டே தம் மந்தையை அடையாளம் கண்டார். மறைவாக வீடுகளில் செபித்து விசுவாசத்தைக் காத்திருந்த மக்கள் அவர்கள். பின்னர், குரு வந்து சேர இயலாத ஊர்களில் மூப்பரும் அண்ணாவியும் முன்னின்று செபம் சொல்ல, ஊரார் மறுமொழி சொல்லும் ஒழுங்கை அவர் நிலைநிறுத்தினார். 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமியார், கூடியிருந்து வாசிப்பதற்கென்றே தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். தபசுகால வியாகுலப் பிரசங்கம் அவர் தந்த கொடையே. விசுவாசம் அவரவர் நெஞ்சுக்குள் மட்டும் தங்கியிருப்பின், நெஞ்சுகள் மண்ணோடு மண்ணாகும்போது அதுவும் போயிருக்கும். 2015 ஜனவரி 14-இல் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்ட அம்முனிவருடன், பெயர் அறியப்படாத அந்த அண்ணாவிமாரையும் நாம் நினைத்துக்கொள்ளவேண்டும்.

திருகோணமலை 1893-இல் தனி மேற்றிராசனமாயிற்று. அக்காலத்திலும் அதற்குப் பின் பல்லாண்டும் பூசை இலத்தீனிலேயே நடந்தது. சுவாமியார் பீடத்தை நோக்கி இலத்தீனில் ஓத, சனங்கள் கீழே தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். படித்தவர் சிலர் இதைச் சொல்லி நகைப்பதுண்டு. நாம் நகையோம். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தபோது, ஒருமித்துக் குரல் கொடுக்கப் பழகிய சனங்கள் ஆயத்தமாக இருந்தார்கள்.

துறைமுகப் பட்டினத்துக்கு இன்னுமொரு சிறப்புண்டு. சோளகக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கையில், நீர்கொழும்பு முதலிய ஊர்களின் மீனவர் கீழைக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். அவர்கள் நாவில் சிங்களம், எம்மவர் நாவில் தமிழ். செபமாலையின் மணிகள் இருவர் கையிலும் ஒரே எண்ணிக்கைதான்.

அந்த நீர்கொழும்பின் கட்டுவாப்பிட்டிய ஆலயத்திலும், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கூடிச் செபிக்க வந்தோர் குண்டுக்கு இரையாயினர். கூடியதே அவர்களுக்குக் கூற்றாயிற்று. அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பூசை இல்லை. கொழும்புப் பேராயரின் பூசையை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் கண்டனர். 2020-இல் கொள்ளைநோய் மறுபடியும் கதவுகளைச் சாத்திற்று. கதவுகள் திறந்த பின்னரும் சிலர் கைத்தொலைபேசித் திரையோடு நின்றுவிட்டனர். நோயாளருக்கும் முதியோருக்கும் அத்திரை ஒரு வரமே. நடக்கக் கால் உள்ளவர்க்கோ அது வேறு. திரை வழியே குருவின் குரல் நம்மிடம் வரும்; நம் மறுமொழி பக்கத்தில் நிற்பவன் காதில் விழாது.

பக்கத்தில் நிற்பவன் காதில் விழுவதால் என்ன என்று கேட்கலாம். கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுக்குச் செபிக்க வாயெழாது. எழுந்தாலும் இறைவனை ஏசவே எழும். அறைக் கதவைச் சாத்தினால் சுவரும் இருளுமே அவளுக்குத் துணை. இதை அறிந்தே நம் ஊர்களில், இறப்பு நேர்ந்த வீட்டில் அயலவர் மாலைதோறும் கூடிச் செபமாலை சொல்லும் வழக்கத்தை முன்னோர் வைத்தனர். அவள் சொல்லவேண்டிய பாதியை அவர்கள் சொல்கின்றார்கள். அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்; சில நாள் கேட்கவும் மாட்டாள். முப்பத்தோராம் நாளும் கழிந்து, ஏதோ ஒரு ஞாயிறு ஆலயத்தில், பழகிய சொற்கள் சுற்றிலும் ஒலிக்கையில் அவள் உதடு அசையும். அவளருகில் நிற்கும் அயல்வீட்டுப் பெண் அதைக் கண்டும் காணாதவள்போலத் தன் குரலைச் சற்றே உயர்த்திச் சொல்லிக்கொண்டு போவாள்.