வழித்துணை யார்?

பெண்ணொருத்தி ஊர் விட்டு ஊர் போன இடத்தில் ஏமாற்றப்பட்டாள் என்று செய்தி வந்தால் போதும். அடுத்த ஜும்ஆவிலேயே அதற்கு நம்மிடம் தீர்ப்புத் தயாராகிவிடுகிறது. ‘மஹ்ரம் துணையின்றிப் போனாள், அதனால் பட்டாள்’ என்று மிம்பரில் சொல்லப்படுகிறது. திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் தலையசைக்கின்றனர். வீட்டுக்குள் இருக்கும் பெண்மக்கள் பெருமூச்செறிகின்றனர். அத்துடன் அந்த வழக்கு முடிந்து போகிறது. அவளை ஏமாற்றியவன் யார், எந்த ஊரான், அவனை அவளுக்கு அறிமுகம் செய்து வைத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் விடை நம் தெருவுக்கே வந்து சேரும் என்ற அச்சமே அதற்குக் காரணமோ என்று நாம் ஐயுறுகிறோம்.

பயணம் நமக்குப் புதிதன்று. கடற்கரை ஊர்களில் ‘சபராளி’ என்று ஒரு சொல்லே உண்டு. கொழும்பு, பினாங்கு, ரங்கூன், சைகோன் என்று பொருள்தேடப் போனவர்களை அப்பெயரால் அழைத்தோம். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது நம் மனக்கண்ணில் தோன்றுபவன் ஆண்மகனே. அவன் கப்பலேறும் நாளில் துஆ ஓதினோம், வழியனுப்பத் துறைமுகம் வரை போனோம், இறங்குமிடத்தில் நம்மவர் கடை எது, தங்குமிடம் எது என்று கடிதம் எழுதிக் கொடுத்தோம். அந்நிய நாட்டில் ஆண்பிள்ளைக்கே இத்தனை ஏற்பாடு தேவைப்பட்டது. இன்று அதே நம் ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் பெண்கள் போகின்றனர். கணவனை இழந்தவர்கள், தலாக் சொல்லப்பட்டுப் பிள்ளைகளுடன் தாய்வீடு திரும்பியவர்கள், குமருப் பெண்களைக் கரைசேர்க்க வழியறியாத தாய்மார்கள் ஆகியோரே அவர்களுள் மிகுதி. அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் யார்? விடியற்காலையில் வாடகைக் காரில் ஏறித் திருச்சி விமான நிலையம் போய்ச் சேரும் அவள் கையில் ஓர் உறை இருக்கிறது. அதற்குள் பயணச்சீட்டு இருக்கிறது, ஒரு கைப்பேசி எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குரியவனை அவள் கண்டதில்லை.

அந்நியனை நம்பினாள் என்று அவளைக் குற்றஞ்சாட்டுகிறோமே, உண்மையில் அவள் அந்நியனையா நம்பினாள்? இல்லை. அவளை அணுகியவன் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று வாயார அழைத்துக்கொண்டு வந்தான். பெரும்பாலும் ஆணாகக்கூட வருவதில்லை. முன்னொரு காலத்தில் அரபு நாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய பக்கத்துத் தெரு ராத்தாவாக வருகிறான். ‘நம்ம காக்காதான் எல்லாம் பார்த்துக்குவார், தொழுகையாளி வீடு, ரமலானுக்கு உம்ரா கூட்டிட்டுப் போவாங்க’ என்று அந்த ராத்தா சொல்கிறார். தெருவும் அதை ஆமோதிக்கிறது. தந்தையும் தமையனும் கையெழுத்திடுகின்றனர். ஒரு தலைக்கு இவ்வளவு என்று ராத்தாவுக்குத் தரகு கிடைத்தது என்பது பின்னர்தான் தெரிகிறது. அவள் நம்பியது நம்மையே. அந்நியனுக்கு நம்முடைய முகத்தை இரவல் கொடுத்தவர்கள் நாமே.

இந்தத் தொழிலின் உள்விவகாரத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நம் குடும்பங்களில் பலர் இதை அறியார். நம் நாட்டில் 1983இல் குடிபெயர்வோர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்காக வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அத்தகைய பெண்களில் 30 வயது நிறையாதவரை வீட்டு வேலைக்கு அனுப்பலாகாது என்றும் விதிக்கப்பட்டது. 2016இல் இன்னும் ஒருபடி மேலே போய், அப்பெண்களைத் தனியார் முகவர்கள் அனுப்பக்கூடாது, அரசு சார்ந்த நிறுவனங்களே அனுப்பலாம் என்று ஆணையிட்டனர். தமிழகத்தில் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்ற அரசு நிறுவனமே இருக்கிறது. சட்டம் இவ்வளவு செய்தும் பெண்கள் எப்படிப் போகிறார்கள்? உறவினரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி, சுற்றுலா விசாவில் போகிறார்கள். துபாயில் இறக்கி, அங்கிருந்து வேறொரு நாட்டுக்குக் கடத்துவதும் உண்டு. குடியேற்ற அதிகாரி கேட்டால் என்ன பொய் சொல்ல வேண்டும் என்பதை முதல்நாள் இரவே தரகன் மனப்பாடம் செய்விக்கிறான். விமான நிலையத்தில் அந்தப் பொய்யைச் சொன்ன கணத்திலேயே, சட்டம் அவளுக்கு வைத்திருந்த காவல்கள் எல்லாம் கழன்று விழுகின்றன. அவளுடைய வேலை ஒப்பந்தம் எங்கும் பதிவாவதில்லை. முறைப்படி போவோர் 275 ரூபாய் கட்டி இரண்டாண்டுகளுக்குப் பெறும் 10 இலட்சம் ரூபாய்க் காப்பீடு அவளுக்குக் கிடையாது. இந்தியத் தூதரகத்துக்கு அவள் அங்கே இருப்பதே தெரியாது.

போய் இறங்கியபின் நடப்பதைக் கேளுங்கள். அங்கே பணிப்பெண்களை வரவழைத்துக் கொடுக்கும் அலுவலகத்தை ‘மக்தப்’ என்கின்றனர். நம் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் இடத்துக்கு நாம் வழங்கும் பெயர்! வீட்டு எஜமானர் அந்த மக்தபுக்குப் பெருந்தொகை செலுத்துகிறார். செலுத்தியதால் அவளை விலைக்கு வாங்கிவிட்டதாகவே பலர் எண்ணிக்கொள்கின்றனர். சில மாதங்களுக்கு உத்தரவாதம் உண்டு. அதற்குள் அவள் வேலை செய்ய மறுத்தால் மக்தப் வேறொரு பெண்ணைத் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். ஆகவே, கொடுமை தாளாமல் அவள் ஓடிவந்து முறையிடும் இடமே அவளை மிரட்டித் திருப்பியனுப்பும் இடமாகிறது. அவளது விசா அவளை வரவழைத்த கபீலின் பெயரோடு பிணைந்தது. அவர் வீட்டை விட்டு வெளியேறினால், ஓடிப்போனவள் என்று சவூதியில் ‘ஹுரூப்’ பதிவு செய்துவிடலாம். அத்துடன் குற்றம் இழைத்தவர் பக்கத்திலிருந்து குற்றவாளிப் பட்டம் அவள் பக்கம் வந்துவிடுகிறது. சட்டங்கள் திருந்தவில்லை என்று நாம் சொல்லவில்லை. குவைத்தில் 2015இல் வந்த 68ஆம் எண் சட்டம் வீட்டுப் பணியாளர்க்கு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மிகாத வேலையும் வாரத்தில் ஒருநாள் ஓய்வும் வகுத்தது. ஆனால் பூட்டிய கதவுக்குள்ளே, அரபு மொழியில் பத்துச் சொல்லும் அறியாத ஒருத்திக்கு அந்தச் சட்டத்தை யார் படித்துச் சொல்வது?

மூதூரை நாம் மறக்கலாமா? இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து அவ்வூர் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர். போரும் ஆழிப்பேரலையும் வாட்டிய ஊர். விறகு வெட்டிப் பிழைத்த ஒரு தகப்பனின் மகள் 2005ஆம் ஆண்டு மே மாதம் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். 1988இல் பிறந்த பிள்ளையை 1982இல் பிறந்ததாகக் காட்டிக் கடவுச்சீட்டு எடுக்கப்பட்டிருந்தது. போய்ச் சேர்ந்து மூன்று வாரங்கள்கூட நிறையவில்லை. அவள் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புகட்டும்போது மூச்சடைத்தது என்றாள் அவள். கொலை என்றது அவ்வீடு. அவள் கொடுத்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பது பின்னர் வெளிவந்தது. 2007இல் மரண தண்டனை விதித்தார்கள். 2013 ஜனவரி 9ஆம் நாள் அது நிறைவேற்றப்பட்டது. கண்ணீர்விடாத தமிழ் முஸ்லிம் வீடு அன்று இருந்திராது. ஆனால் கண்ணீரோடு நாம் எழுப்பிய வினா என்ன? தீர்ப்பு ஷரீஅத்துக்கு ஏற்றதா என்று வாதிட்டோம். வாப்பா உம்மா அனுப்பியிருக்கலாமா என்று வாதிட்டோம். பதினேழு வயதுப் பிள்ளையை இருபத்து மூன்று வயதினளாக்கிய அந்தக் கைகளைப் பற்றி எத்தனை பயான்களில் பேசினோம்? அப்படிப்பட்ட கைகள் நம் பக்கத்திலும் இன்றளவும் முஸாஃபஹா செய்துகொண்டுதான் இருக்கின்றன.

மார்க்கத்தை எடுத்துக்காட்டி நம்மை மறுப்போர் வருவர். வரட்டும். மஹ்ரமின்றிப் பெண் பயணம் போகலாகாது என்னும் நபிமொழிகள் ஒரு நாள் தொலைவு, இரு நாள், மூன்று நாள் தொலைவு எனப் பல அறிவிப்புகளாக வந்துள்ளன. அவற்றை நாம் தலைமேற் கொள்கிறோம். ஆயினும் கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்களுடன் சேர்ந்து போகலாம் என்று ஷாஃபி மத்ஹபின் அறிஞர்கள் ஏன் கூறினர்? பாதையின் பாதுகாப்பு என்பதை அவர்கள் ஏன் அவ்வளவு விரித்துப் பேசினர்? ஹீராவிலிருந்து ஒருத்தி ஒட்டகச் சிவிகையில் தனித்துப் புறப்பட்டு, அல்லாஹ்வையன்றி எவர்க்கும் அஞ்சாமல் கஅபாவை வலம்வரும் காலம் வரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம் முன்னறிவித்தார்கள். அதைத் தம் கண்ணாலேயே கண்டதாக அதீ (ரலி) பின்னாளில் கூறினார்கள். அந்தப் பெண்ணின் அச்சமின்மைக்கு அவள் மட்டுமா காரணம்? வழிநெடுகிலும் இருந்த மக்கள் அல்லவா காரணம்? விலக்கலைப் பெண்ணுக்கு எடுத்துரைக்கும் நாம், அவள் போகும் பாதையை யார் காப்பது என்னும் மறுபாதியை விழுங்கிவிடுகிறோம்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் கைக்குழந்தையுடன் தன்னந்தனியே புறப்பட்டார்கள். தன்ஈமில் எதிர்ப்பட்டவர் உஸ்மான் இப்னு தல்ஹா. அன்று அவர் இஸ்லாத்தை ஏற்றிராதவர். ‘துணை யாருமில்லையா?’ என்று கேட்டுத் தாமே ஒட்டகத்தின் கயிற்றைப் பற்றினார். தங்குமிடம் வரும்போதெல்லாம் ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிட்டுத் தாம் தொலைவில் விலகிப் போனார். குபாவை அடைந்ததும், உம் கணவர் இவ்வூரில்தான் இருக்கிறார் என்று காட்டிவிட்டு வந்தவழியே மக்காவுக்குத் திரும்பினார். அவரினும் பெருந்தன்மையான துணையைத் தாம் கண்டதில்லை என்று அன்னையவர்கள் நினைவுகூர்ந்தார்கள். அந்நியர் எல்லாரும் தீயர் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை என்பதற்கு இது சான்று. அதோடு, நல்ல அந்நியனை அறிய ஓர் அளவுகோலும் இதில் கிடைக்கிறது. அவர் கூலி கேட்கவில்லை. அவள் போக எண்ணிய ஊருக்கே கொண்டு சேர்த்தார். சேர்த்தபின் அவள்மீது எந்தப் பிடியும் வைத்துக்கொள்ளவில்லை. இறங்கியதும் கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்பவனை, இலவசமாக அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவரக் கேட்டால் இலட்சக்கணக்கில் பணம் கேட்பவனை, ஸலாம் சொன்னான் என்பதற்காக நம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோமே!

‘அப்படியானால் பெண்களை அனுப்பவே வேண்டாம்’ என்பார் சிலர். நல்லது. அனுப்பாமல் இருக்க வேண்டுமானால் அவள் அடுப்பு எரிய வேண்டும். தலாக் சொன்னவன் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் தருகிறானா என்று மஹல்லா விசாரித்ததா? ஊரில் வசூலாகும் ஜகாத்தில் கைம்பெண்ணுக்கு ரமலானில் ஒரு சேலையும் ஐந்து கிலோ அரிசியும் போக, மீதிப் பதினொரு மாதத்துக்கு என்ன ஏற்பாடு? பசியோடு இருப்பவளுக்கு மஹ்ரம் சட்டம் மட்டும் ஓதிக்காட்டுவது எளிது, செலவில்லாதது. ‘காலம் மாறிவிட்டது, அச்சப்பட ஒன்றுமில்லை, துணிந்து போகட்டும்’ என்று எழுதும் புதுமைவாதிகளோடும் நமக்கு உடன்பாடில்லை. துணிச்சல் அவளிடம் ஏராளமாக இருக்கிறது. இல்லாவிட்டால் விமானம் ஏறியிருக்க மாட்டாள். அவளிடம் இல்லாதது தகவல். முகவருக்கு அரசுப் பதிவு எண் உண்டா, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் படி ஒன்று ஊரில் இருக்கிறதா, தூதரகத்தின் எண் எது என்னும் இவை தெரிந்திருந்தாலே பாதித் துணை கிடைத்த மாதிரி. 2015 முதல் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் ஊரிலிருந்தே முறையீடு பதியலாம். ஜமாஅத் அலுவலகத்தில் கணினி தட்டத் தெரிந்த ஒரு பிள்ளை இல்லாமலா போய்விட்டது?

நிகாஹ் தஃப்தரை நாம் எவ்வளவு கருத்தாகக் காக்கிறோம்! வலீ யார், சாட்சிகள் யார், மஹர் எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் எழுதி, தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். மஹல்லாவை விட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் பெயர், கடவுச்சீட்டு எண், அனுப்பியவனின் பெயரும் முகவரியும், போய்ச்சேரும் வீட்டின் விவரம் ஆகியவற்றை எழுத அதே பெட்டியில் இன்னொரு குறிப்பேட்டுக்கு இடமில்லையா? தன் பெயர் பள்ளிவாசல் ஏட்டில் ஏறுகிறது என்று தெரிந்தால் போலித் தரகன் அந்தத் தெருவுக்கு வர யோசிப்பான். எந்த மஹல்லாவேனும் இதைச் செய்திருந்தால் நமக்கு எழுதுங்கள், மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம்.

நாம் அறிந்த ஒரு தாய், ஏழு மாதங்களாக மகளிடமிருந்து பேச்சில்லை என்று அழுதுகொண்டு தம் ஊர் ஜமாஅத் அலுவலகத்துக்குப் போனார். ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க ஒரு கடிதம் வேண்டும் என்றார். அங்கிருந்தவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாண்டுச் சந்தா பாக்கி இருக்கிறது, அதைக் கட்டிவிட்டு வாருங்கள் என்றார். அந்த அம்மையார் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கட்டினார். ரசீதை நம்மிடம் காட்டினார். கடிதம் கேட்டபோது, முத்தவல்லி உம்ராவுக்குப் போயிருக்கிறார், வந்ததும் கையெழுத்து வாங்கித் தருகிறோம் என்றார்களாம்.